ஆளுக்கு நூறு சொல்

பாடசாலை நூற்றாண்டு மலருக்கு
மூன்று பேரைப் பற்றி எழுதச் சொன்னார்கள்.
ஆளுக்கு நூறு சொல், ஒரு படம்.
வெள்ளிக்கிழமை கஸ்தூரியார் வீதி அச்சகத்தில்
பக்கம் கட்டிவிடுவார்களாம்.

பரநிருபசிங்கம், சோடாக் கொம்பனி முதலாளி.
'தன்முயற்சியால் உயர்ந்தவர்' என்று தொடங்கி
தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.
"அதை வெட்டும் தம்பி.
மனுசியின்ர தாலிக்கொடி மூண்டு தரம் அடைவு போனது.
அதை எழுதேலாதெண்டால் ஒண்டும் எழுத வேண்டாம்."
சீனி வராத வருடங்களில்
வெறும் போத்தல்களைக் கழுவிக் கழுவி அடுக்கினார்களாம்
பதினொரு வேலையாட்கள்.
சம்பளம் கொடுக்க
ஏதாவது ஒரு வேலை வேண்டுமே.
இதற்கே தொண்ணூறு சொல் போய்விட்டது.

பவளேஸ்வரி அம்பலவாணர்
முப்பத்தொரு வருடம் வானொலியில்.
நாடகம், நேயர் விருப்பம், செய்தி எல்லாம் செய்தவர்தான்.
ஊர் அவரை அறிந்தது மரண அறிவித்தலில்.
திருநெல்வேலிச் சந்தையில் வெண்டிக்காய் விலை கேட்டால்
விற்கிறவள் ஒருகணம் நிமிர்வாள்,
யார் போனது என்பதுபோல.
விருதுகள் எத்தனை என்று கேட்டேன்.
"அது கணக்கில்லை.
பிழையா வாசிச்ச பேருகள் கணக்கிருக்கு.
பதினேழு."
பதினேழையும் சொன்னார்,
இப்போது சரியாக.
நான் எழுதிக்கொள்ளவில்லை. எழுதியிருக்கலாம்.

ஞானரூபி செபரத்தினம், சிறுவர் உளவியல்.
லண்டனில் படித்துத் திரும்பியவர்.
படம் தரமாட்டேன் என்று மின்னஞ்சல்.
ஏன் என்று போய்க் கேட்டதில்
ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த
தகரக் கொட்டில் பற்றிச் சொன்னார்.
கதிரை வாங்கக் காசில்லை.
பிள்ளைகள் குந்தியிருக்க
மரப்பெட்டி ஐம்பது வந்து இறங்கியது,
சோடாக் கொம்பனியிலிருந்து, பில்லோடு.
பில்லை இன்னும் கட்டவில்லை.
பரநிருபசிங்கத்தின் பேரேட்டில்
வரவேண்டிய பாக்கி என்று
ஒவ்வொரு ஏப்ரலும் புதுப் பக்கத்துக்கு ஏறுகிறதாம்.
தள்ளுபடி செய்ய மனிதர் சம்மதிக்கவில்லை.

அந்தப் பெட்டியொன்றில் ஒரு பிள்ளை,
ஏழு வயது, பதினாலு மாதமாகப் பேச்சில்லை.
சோடா மூடிகளை நிலத்தில் வரிசையாக அடுக்கும்.
ஒவ்வொரு மூடிக்கும் வாய் திறக்கும்,
வானொலிக் குரலில்:
'அன்னாரின் பூதவுடல்
ககனக் கிரியைக்காக எடுத்துச் செல்லப்படும்.
உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்.'
வேறு ஒரு சொல்லும் இல்லை.

ஞானரூபி கடிதம் போட்டார்.
பவளேஸ்வரி சைக்கிளில் வந்தார்,
பத்து மணிச் செய்திக்கு முன்னால் போகவேண்டும் என்றபடி.
ஒரு பெட்டியில் குந்தி
நாலு மூடிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.
ஐந்தாவதில் பொறுக்கமுடியவில்லை.
"ககனம் இல்லை, பிள்ளை. தகனம்."

பிள்ளை முறைத்தது.
மூடியைத் தூக்கிச் சுவரில் எறிந்தது.
"எனக்குத் தெரியும்" என்றது,
தன்னுடைய குரலில்,
கரகரப்பாக.

"ஆறு வருடம் படிச்சன்" என்றார் ஞானரூபி,
"எந்தப் புத்தகத்திலயும்
பிள்ளையைத் திருத்தச் சொல்லேல்லை."
பவளேஸ்வரியோ
அன்றைக்குச் செய்திக்குப் பிந்திப்போய்
மெமோ வாங்கியதை மட்டும் நினைவு வைத்திருக்கிறார்.
அந்தப் பிள்ளை யார், இப்போது எங்கே என்று கேட்டேன்.
ஞானரூபி எழுந்து யன்னலைச் சாத்தினார்.
அது நோயாளியின் விஷயம்.

வியாழன் இரவு முந்நூறு சொல்லையும்
திரும்ப எழுதினேன்.
பிறந்த ஆண்டு, படித்த வகுப்பு, வகித்த பதவி.
தாலிக்கொடி இல்லை.
பதினேழு பேர் இல்லை.
மூடி சுவரில் பட்ட சத்தமும் இல்லை.

அச்சகத்துக்காரர் அழைத்தார்:
ஞானரூபிக்குப் படம் இல்லாததால்
கால்பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது.
விளம்பரம் ஏதும் போடலாமா?

போட்டோம்.
ஒரு சோடாப் போத்தல்,
மூடி திறந்தபடி.
காசு உடனே வந்தது,
ரசீது கேட்டு ஒரு துண்டோடு.